காயாத பிரஷ்

தமிழ்நாட்டின் பல் மருத்துவக் கல்லூரிகளில் ஒரு வகை ஆய்வு சலிக்காமல் நடந்துகொண்டிருக்கிறது. நூறோ இருநூறோ மாணவர்களிடம் ஒரு கேள்வித்தாளைக் கொடுப்பார்கள். பிரஷ்ஷை எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள்? அதில் கிருமி வளரும் என்று தெரியுமா? மூடி போட்டு வைக்கிறீர்களா? கிருமிநீக்கம் செய்வதுண்டா, எதைக் கொண்டு? விடைகளை எண்ணி, வண்ணத்தில் வட்டப்படம் வரைந்து, மாணவர்களிடம் விழிப்புணர்வு போதவில்லை என்று முடிப்பார்கள். பல நேரம் அந்த முடிவு, கேள்வி எழுதும்போதே தயாராகிவிடுகிறது. பிரஷ்ஷைக் கிருமிநீக்கம் செய்வதாகச் சொல்லும் மாணவருக்குப் பல் நன்றாக இருக்கிறதா, செய்யாதவருக்குக் கெட்டுப்போயிருக்கிறதா என்று யாரும் வாயைத் திறந்து பார்ப்பதில்லை. எதைத் தெரிந்துகொள்ளவில்லை என்று மாணவர்களைக் குறை சொல்கிறோமோ, அந்த விஷயமே எவ்வளவு உறுதியானது என்பதை முதலில் பார்த்துவிடுவது நல்லது.

அதைப் பார்க்கப் பழனி மலைத்தொடர் பொருத்தமான இடம். கொடைக்கானலைச் சுற்றுலா ஊராகத்தான் பலரும் அறிவார்கள். அது விடுதி மாணவர்களின் ஊரும்கூட. செண்பகனூரில் சேசு சபையார் திரு இருதயக் கல்லூரியை 1895-இல் நிறுவினார்கள். மிஷனரிகளின் பிள்ளைகளுக்காக 1901-இல் ஹைக்ளெர்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் இன்டர்நேஷனல் ஸ்கூல். அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் 1984-இல் வந்தது. இவை போக கான்வென்ட்டுகள், உறைவிடப் பள்ளிகள், அரசு நல விடுதிகள், பளியர் குடும்பத்துப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பழங்குடியினர் பள்ளிகள். 2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியின் மக்கள்தொகை 36,501. இவ்வளவு சிறிய ஊரில் இத்தனை விடுதிகள் என்றால், தன் வீட்டில் இல்லாத ஒரு குழாயடியில் பல் தேய்க்கும் பிள்ளைகள் கணிசமாக இருக்கிறார்கள் என்று அர்த்தம்.

பிரஷ் மீதான சந்தேகத்துக்கு வயது நூறைத் தாண்டிவிட்டது. பாஸ்டனிலிருந்து வந்த மருத்துவ இதழ் ஒன்றில் 1920-இல் காப் என்ற மருத்துவர், வாயில் தொற்று திரும்பத் திரும்ப வருவதற்குப் பிரஷ்ஷே காரணமாகலாம் என்று எழுதினார். அன்றைய பிரஷ்கள் பன்றி முடியில் செய்தவை. அந்த முடி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், சீக்கிரம் காயாது. 1938-இல் டூபான்ட் நிறுவனத்தின் நைலான் இழை வந்த பிறகு அந்தத் தொல்லை குறைந்தது, ஒழியவில்லை. இழைக் கொத்துகளைப் பதித்திருக்கும் துளைகளுக்குள் ஈரமும் உணவுத் துணுக்கும் இப்போதும் தங்கத்தான் செய்கின்றன. 1978-இல் ஸ்வீடனில் ஸ்வான்பெர்க் என்ற ஆய்வாளர், பல் சொத்தைக்குப் பெரிதும் காரணமான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பிரஷ்ஷிலிருந்து பேஸ்ட் டியூபின் வாய்க்கும் போகிறது என்று காட்டினார். ஒரே டியூபை ஐந்தாறு பேர் பிதுக்கும் அறைகளுக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. பிரஷ் நுனியை டியூபின் வாயில் தேய்த்து எடுக்கும் பழக்கம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு. 1988-இல் ஓக்லஹோமாவின் கிளாஸும் ஜென்சனும், உதட்டில் கொப்புளம் உண்டாக்கும் ஹெர்பெஸ் வைரஸ் ஈரமான பிரஷ்ஷில் நாட்கணக்கில் உயிரோடு இருக்கிறது என்றார்கள்.

இந்தியாவிலும் ஆய்வுகள் உண்டு. 2007-இல் நியூயார்க் மாநிலப் பல் மருத்துவ இதழில் மேத்தாவும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்டது, பின்னால் வந்த பலரும் மேற்கோள் காட்டும் கட்டுரை. பயன்படுத்திய பிரஷ்களில் 70 சதவீதம் பலத்த அளவில் மாசுபட்டிருந்தன. அதைவிடக் கூர்மையான கண்டுபிடிப்பு ஒன்று அதில் இருக்கிறது. மூடி போட்ட பிரஷ்களில் சூடோமோனாஸ் என்ற ஈரம் விரும்பும் கிருமி வளர்ந்திருந்தது. சுத்தம் என்று நினைத்துக் காசு கொடுத்து வாங்கிய அந்தச் சின்ன பிளாஸ்டிக் மூடி, கிருமிக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது.

இதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் மாணவர் விடுதிக்கு மிக நெருக்கமானது 2015-இல் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் குவினிபியாக் பல்கலைக்கழகத்தில் நடந்தது. பொதுக் குளியலறையைப் பகிர்ந்துகொள்ளும் மாணவர்களின் பிரஷ்களில் குறைந்தது 60 சதவீதத்தில் மலத்தில் காணப்படும் வகைக் கிருமிகள் இருந்தன. அவற்றில் பல அடுத்தவரிடமிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இந்தச் செய்தி உலகம் முழுக்க ஓடியது. 2021-இல் வந்த இன்னொரு ஆய்வு அவ்வளவு தூரம் ஓடவில்லை. நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எரிகா ஹார்ட்மன் குழுவினர் பொதுமக்களிடமிருந்து பழைய பிரஷ்களைத் தபாலில் வாங்கி, அவற்றில் இருந்த கிருமிகளின் மரபணுக்களைப் பார்த்தார்கள். இருந்தவை பெரும்பாலும் மனித வாயில் இயல்பாகவே வாழ்பவை. கழிப்பறைக் கிருமிகள் முக்கியப் பங்கு வகிக்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒன்று பலர் கூடிப் பயன்படுத்தும் இடத்தைப் பார்த்தது, மற்றது பெரும்பாலும் வீடுகளைப் பார்த்தது. விடுதி மாணவருக்கு முதலாவது பொருந்தும். லீவுக்கு வீட்டுக்குப் போனதும் இரண்டாவது பொருந்தும்.

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் இத்தனையையும் பார்த்துவிட்டுச் சொல்வது சுருக்கமானது. பிரஷ்ஷில் கிருமி இருக்கிறது. அதனால் ஆரோக்கியமான ஒருவருக்கு நோய் வந்ததற்கு ஆதாரம் இல்லை. பகிராதீர்கள், நன்றாக அலசுங்கள், நிமிர்த்தி வைத்துக் காற்றில் காயவிடுங்கள், மூடிவைக்காதீர்கள், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். இழை விரிந்துவிட்டால் அதற்கு முன்பே மாற்றுங்கள். கிருமிநாசினியில் ஊறவைப்பது அவசியம் என்று அந்தச் சங்கம் சொல்லவில்லை. நம் கேள்வித்தாள்களிலோ கிருமிநீக்கம்தான் கதாநாயகன். 'காயவைக்கிறீர்களா' என்பதைக் கேட்டால் கேட்டதுதான்.

காயவைப்பது என்ற ஒரு வார்த்தையில் கொடைக்கானலின் சிக்கல் முழுக்க அடங்கிவிடுகிறது.

பழனி நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில், மலையின் வடக்கு அடிவாரத்தில், மழை மறைவில் இருக்கிறது. அங்கே காலை ஆறு மணிக்கு அலசிவைத்த பிரஷ் பள்ளிக்கூட மணி அடிக்கும்போது காய்ந்திருக்கும். அங்கிருந்து 64 கிலோமீட்டர் மலைப்பாதையில் ஏறினால் கொடைக்கானல், 2,100 மீட்டருக்கும் மேல். ஆண்டு மழை 1,600 மில்லிமீட்டரைத் தாண்டும். ஐப்பசி கார்த்திகையில் நாட்கணக்கில் மேகம் ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்; துவைத்த பள்ளிச் சீருடை மூன்று நாளானாலும் காயாது. இதற்குக் காரணம் எளிய இயற்பியல். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 12 டிகிரியில் சுமார் 11 கிராம்தான். அந்தப் பதினொன்றையும் மூடுபனி ஏற்கெனவே நிரப்பிவிட்டால் பிரஷ்ஷில் இருக்கும் ஈரம் எங்கே போகும்? காலையில் நனைந்தது இரவுவரை நனைந்தே இருக்கும், இரவில் மறுபடி நனையும். உலகம் முழுதும் எழுதப்படும் 'காற்றில் காயவிடுங்கள்' என்ற அறிவுரை காற்று வறண்டிருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது.

இதற்கு ஒரு மறுபக்கமும் இருக்கிறது. வாய்க் கிருமிகளுக்கு உகந்தது நம் உடல் சூடு, 37 டிகிரி. குளிரில் அவற்றின் பெருக்கம் தளர்ந்துவிடும். ஆகவே காயாத பிரஷ் என்றதும் மேல்மலைப் பிள்ளைகள் சமவெளிப் பிள்ளைகளைவிட ஆபத்தில் இருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட முடியாது. ஆனால் தண்ணீரில் வாழப் பழகிய சூடோமோனாஸ் இனத்தில் சில குளிரையும் பொறுத்துக்கொள்ளும்; பூஞ்சைக்கும் இந்த ஈரம் பிடிக்கும். பல வைரஸ்கள் வெப்பத்தைவிடக் குளிரில் அதிக நாள் தாக்குப்பிடிக்கும்.

பிரஷ் எங்கே வசிக்கிறது என்பதைப் பார்த்தால் வானிலையைவிடப் பெரிய குற்றவாளி அகப்படும். தமிழ்நாட்டு ஹாஸ்டல் எதை எடுத்துக்கொண்டாலும் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்தான் மாணவரின் நடமாடும் குளியலறை. அதற்குள் மக், சோப்பு டப்பா, துணி துவைக்கும் சோப்பு, ஷாம்பு பாக்கெட், தேங்காய் நார், இவற்றுக்கு நடுவே பிரஷ். குளித்து முடித்ததும் எல்லாவற்றையும் ஈரத்தோடு பக்கெட்டுக்குள் போட்டு, மேலே ஈரத் துண்டைப் போர்த்திக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார்கள். கொஞ்சம் பொறுப்பான பிள்ளை, மூடியுள்ள டப்பாவில் அடைத்து டிரங்குப் பெட்டிக்குள் வைக்கும். அம்மா அப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பார். முதலாவது பிள்ளை அலட்சியக்காரர், இரண்டாவது பிள்ளை விழிப்புணர்வு உள்ளவர் என்று கேள்வித்தாள் மதிப்பெண் போடும். கிருமியின் கணக்கில் இருவரும் சமம். இருவருக்கும் வேறு வழியும் கிடையாது. பல விடுதிகளில் குழாயடிச் சுவரில் பிரஷ் மாட்ட ஓர் ஆணிகூட இருக்காது, வெளியே வைத்தால் காணாமல் போகும், அல்லது வேறொருவர் காலணி துடைக்க எடுத்துக்கொள்வார். 'அறிவு, மனப்பான்மை, நடைமுறை' என்று மூன்றாகப் பிரித்துக் கேட்கும் ஆய்வுகளில் ஆணிக்கு இடமில்லை.

விடுதிக்கே உரிய இன்னொரு சங்கடம், ஒரே மாதிரி பிரஷ்கள். மொத்தமாக வாங்கும்போது ஒரே கம்பெனி, ஒரே மாடல், மிஞ்சிப்போனால் நாலு நிறம். நாற்பது பேர் இருக்கும் கூடத்தில் பச்சை நிறம் பத்துப் பேருக்கு வந்துவிடும். அதிகாலை இருட்டில், கரண்ட் போன நேரத்தில், கை போன பிரஷ்ஷை எடுப்பதுதான் நடக்கும். அறியாமல் நடக்கும் இந்தப் பகிர்வுதான் எல்லாவற்றிலும் கவலைக்குரியது. ஈறில் ரத்தம் கசிபவரின் பிரஷ்ஷில் அந்த ரத்தம் ஒட்டியிருக்கும். ஹெபடைடிஸ் பி போன்றவை அந்த வழியில் பரவக்கூடும். பிரஷ்ஷையும் ரேசரையும் பகிராதீர்கள் என்று மருத்துவர்கள் சேர்த்தே சொல்வது அதனால்தான். வீட்டில் அண்ணன் தம்பி ஒரே பிரஷ்ஷில் தேய்ப்பது வறுமையால் நடக்கிறது என்று நினைப்போம், சோம்பலாலும் நடக்கிறது.

இனி கிருமிநீக்க முறைகளுக்கு வரலாம். மாணவர்கள் சொல்லும் விடைகளில் முதலிடம் வெந்நீருக்கு. கொடைக்கானல் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு வேகத் தாமதமாகிறது என்பதை அறிந்தவர்கள், கிருமியும் சாகத் தாமதமாகுமோ என்று கேட்கலாம். பயப்பட வேண்டியதில்லை. பாலைப் பதப்படுத்த 72 டிகிரியில் 15 வினாடி போதும்; வாய்க் கிருமிகளுக்கு 93 டிகிரி தாராளம். சங்கடம் வேறிடத்தில் வரும். கொதிநீரில் அடிக்கடி போட்டால் நைலான் இழை வளைந்து விரியும், விரிந்த பிரஷ் பல்லைச் சரியாகத் துலக்காது. கிருமி செத்த பிரஷ்ஷில் பல் அழுக்காகவே இருக்கும். தவிர, குளிக்கவே ஒரு பக்கெட் வெந்நீர் முறை வைத்துக் கிடைக்கும் விடுதியில் பிரஷ்ஷுக்குக் கொதிநீர் கேட்டால் வார்டன் என்ன சொல்வார் என்று ஊகிக்கலாம்.

மேலே சொன்ன 2007 ஆய்வில், 0.2 சதவீத குளோர்ஹெக்சிடின் கரைசலில் இரவு முழுதும் ஊறவைத்தது நன்றாகப் பலன் தந்தது. மருந்துக் கடையில் வாய் கொப்பளிக்கக் கொடுக்கும் அதே மருந்துதான். ஒரு பாட்டில் விலையில் நாலைந்து சாதாரண பிரஷ் வாங்கிவிடலாம் என்பதால், இதைத் தினசரி வழக்கமாகப் பரிந்துரைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. வினிகர், நீர்த்த பிளீச்சிங் கரைசல், மைக்ரோவேவ், புற ஊதா ஒளிப் பெட்டி எல்லாமே ஆய்வகத்தில் எண்ணிக்கையைக் குறைக்கின்றன. புற ஊதாப் பெட்டிக்காரர்கள் 99.9 சதவீதம் என்று அட்டையில் அச்சிடுவார்கள். பத்து லட்சம் கிருமி இருந்த இடத்தில் ஆயிரம் மிஞ்சும் என்பது அதன் பொருள். பிரஷ் வாய்க்குள் போன மறுநிமிடம் அந்தக் கணக்கும் பழையபடி ஆகிவிடும். டெட்டாலில் முக்கி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அது வாய்க்குள் போக வேண்டிய பொருளே இல்லை, விட்டுவிடுங்கள். எதில் ஊறவைத்தாலும் அறையில் உள்ள எல்லோரும் ஒரே டம்ளரில் தலைகீழாகப் போட்டு வைப்பது, பிரித்து வைத்திருந்ததையும் ஒன்றுசேர்க்கும் வேலை.

தொண்டை வலி வந்து போனதும் பிரஷ்ஷைத் தூக்கிப் போட வேண்டும் என்ற நம்பிக்கை படித்தவர்களிடம் பலமாக உண்டு. 2013-இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மருத்துவப் பிரிவைச் சேர்ந்தவர்கள் இதைச் சோதித்தார்கள். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொற்று இருந்த பிள்ளைகளின் பிரஷ்கள் எதிலும் அந்தக் கிருமி வளரவில்லை. வளர்ந்த ஒரே பிரஷ் நோயில்லாத ஒரு பிள்ளையுடையது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அவசரப்பட்டு வீச வேண்டாம் என்று சொல்ல அது போதும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், நோயெதிர்ப்பு குறைந்தவர், இவர்கள் கதை வேறு. அவர்களுக்குக் கிருமிநீக்கமும் அடிக்கடி மாற்றுவதும் தேவைப்படலாம், அதை மருத்துவர் சொல்வார். ஒரு விடுதியில் அப்படி ஓரிருவர் இருக்கலாம். அவர்களுக்கான முறையை மற்ற எல்லோருக்கும் பாடமாக வைப்பதில்தான் நம் பிரசாரங்கள் தடுமாறுகின்றன.

பிரஷ் வருவதற்கு முன்பு இந்தக் கேள்வியே எழவில்லை. ஆலங்குச்சியும் கருவேலங்குச்சியும் வேப்பங்குச்சியும் ஒருமுறை மென்று துப்பி எறியப்படுபவை. நேற்றைய ஈரம் இன்றைக்கு மிஞ்சாது. பழனி அடிவாரத்தில் இன்றும் வேம்பு இருக்கிறது. மேல்மலையின் குளிரில், பூம்பாறை மன்னவனூர் பக்கமெல்லாம், அது வளராது. பல்பொடி கடையில் கிடைக்க ஆரம்பித்த பிறகு விரல்தான் பிரஷ். விரலுக்குக் கிருமிநீக்கம் என்பது கை கழுவுவது. அதையாவது பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் குச்சியும் விரலும் தராத ஒன்றைப் பேஸ்ட் தருகிறது, அது ஃப்ளூரைடு. பல் சொத்தையைத் தடுப்பதில் உலக சுகாதார நிறுவனம் முதலில் சொல்வது 1,000 முதல் 1,500 பிபிஎம் ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட்டால் நாளைக்கு இருமுறை துலக்குவதையும் சர்க்கரையைக் குறைப்பதையும்தான். 2022-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட அறிக்கைப்படி உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய்கள் உண்டு. பிரஷ்ஷின் கிருமியை யாரும் அதற்குக் காரணமாகச் சொல்லவில்லை. கொடைக்கானல் கடைவீதியில் ஹோம்மேட் சாக்லேட் விற்காத கடையைத் தேட வேண்டும். கீழ்மலையில் விளையும் மலைவாழை பழனியில் பஞ்சாமிர்தமாகி, வெல்லமும் கற்கண்டும் பேரீச்சையும் சேர்ந்து பல்லிடுக்கில் ஒட்டிக்கொள்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், குறை சொன்னால் பழனிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சாப்பிட்டுவிட்டு இரவு பல் தேய்த்தால் போதும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். மார்கழிக் குளிரில், குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும் நேரத்தில், எத்தனை பிள்ளைகள் இரவில் தேய்க்கும் என்பதும் கேட்கத் தக்க கேள்வி.

அரசு ஒன்றும் செய்யாமல் இல்லை. 2013 முதல் நடக்கும் தேசிய சிறார் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு பள்ளிக்கே வந்து பிள்ளைகளைப் பரிசோதிக்கிறது. பல் நோய்களும் அந்தப் பட்டியலில் உண்டு. தமிழ்நாட்டில் 2023-இல் 'புன்னகை' என்ற பெயரில் பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. பல்லைப் பார்க்கிறார்கள், துலக்கும் முறையை மாதிரிப் பல்வரிசையில் செய்து காட்டுகிறார்கள். வந்த குழு பத்து நிமிடம் ஒதுக்கி விடுதியின் குழாயடியையும் ஒரு பார்வை பார்த்தால் செலவு ஒன்றும் கூடாது. சுவரில் ஆளுக்கொரு கொக்கி, கொக்கிக்கும் கொக்கிக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி, பிரஷ் தலை மேல்நோக்கி, கழிப்பறைக் கதவிலிருந்து எட்டி, ஜன்னல் பக்கம். பிரஷ் காம்பில் பெயின்டில் எண், அல்லது ஆளுக்கொரு நிற நூல். தேய்த்ததும் நன்றாக அலசி, காம்பைக் கையில் பிடித்து நாலு உதறு. நைலானில் தங்கும் தண்ணீரில் பெரும்பகுதி அந்த உதறலிலேயே போய்விடும். சமையல்கூடத்துக்கு வெளிச்சுவரில் கொஞ்சம் சூடு இருக்கும். மழைக்காலத்தில் கொக்கிப் பலகையை அங்கே மாற்றலாம்.

மேல்மலைக்கென்று ஒரு யோசனையும் உண்டு. ஆளுக்கு இரண்டு பிரஷ், காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் காய ஒரு முழு நாள் கிடைக்கும். இரண்டும் பாதி வேலையே செய்வதால் தேய்மானமும் பாதியாகும். ஆண்டுக்கு வாங்கும் எண்ணிக்கை ஏறக்குறைய அப்படியே இருக்கும். இது முக்கியம், ஏனென்றால் மூன்று மாதத்துக்கு ஒன்று என்ற விதியை நகராட்சியின் 36,501 பேரும் பின்பற்றினால் ஆண்டுக்கு சுமார் 1,46,000 பிளாஸ்டிக் பிரஷ்கள் மலையில் குப்பையாகும். தண்ணீர் பாட்டிலுக்கே கட்டுப்பாடு போட்டிருக்கும் மலை இது. மூன்று மாதக் கணக்கும் ஒரு சராசரிதான்; அழுத்தித் தேய்ப்பவரின் பிரஷ் ஆறு வாரத்தில் விரிந்துவிடும், மெதுவாகத் தேய்ப்பவருடையது ஐந்து மாதமும் நிமிர்ந்து நிற்கும். காலண்டரைவிட இழையைப் பார்த்து மாற்றுவது நல்லது. மாற்றிய பிரஷ்ஷை மாணவர்கள் உடனே வீசுவதில்லை. சட்டைக் காலர், சீப்பு, ஷூ என்று அதற்கு இன்னும் ஒரு வருஷம் வேலை இருக்கிறது. அதை மறுபடி அதே பக்கெட்டுக்குள், வாய்க்குள் போகும் பிரஷ்ஷுக்குப் பக்கத்தில் போடாமல் இருந்தால் சரி.